மண்ணரிப்பு இடர் மதிப்பீடு

மண்ணரிப்பு இடர் மதிப்பீடு என்பது ஓர் ஆற்றின் நீரேந்து பகுதியில் எந்த இடத்தில், எவ்வளவு மேல்மண் மழைநீரால் அடித்துச் செல்லப்படக்கூடும் எனக் கணித்து, அப்பகுதியை இடர் அளவுக்கேற்ப வகைப்படுத்தும் முறையாகும். அணைகளில் வண்டல் படிவதைக் குறைக்கவும், மண்வளப் பாதுகாப்புப் பணிகளை எங்கு முதலில் தொடங்குவது எனத் தீர்மானிக்கவும் இது பயன்படுகிறது.

மண் இழப்புச் சமன்பாடு

இம்மதிப்பீட்டில் மிகப் பரவலாகப் பயன்படுவது பொது மண் இழப்புச் சமன்பாடு ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் வால்ட்டர் விஷ்மையர், டுவைட் சிமித் ஆகியோர் சோதனை நிலங்களில் பல்லாண்டுகளாகத் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு இதனை உருவாக்கினர். 1965 இல் வெளியான இச்சமன்பாடு 1978 இல் விரிவாக்கப்பட்டது. இதன் திருத்திய வடிவம் 1997 இல் வெளிவந்தது.

ஓர் எக்டேரில் ஓராண்டில் இழக்கப்படும் மண்ணின் சராசரி அளவு, பின்வரும் காரணிகளின் பெருக்கற்பலன் ஆகும்:

* மழைக் காரணி - மழையின் அரிக்கும் ஆற்றல். மழையின் மொத்த அளவோடு அதன் செறிவும் கருத்தில் கொள்ளப்படும்.
* மண் காரணி - மண் எளிதில் அரிக்கப்படும் தன்மை.
* நில அமைப்புக் காரணி - சரிவின் நீளமும் செங்குத்தும். 22.1 மீட்டர் நீளமும் 9% சரிவும் உடைய நிலத்துக்கு இதன் மதிப்பு 1.
* பயிர் மூட்டக் காரணி - உழுது வெறுமையாக விடப்பட்ட நிலத்துக்கு 1. அடர்ந்த காட்டுக்குச் சுழியத்தை ஒட்டிய மதிப்பு.
* பாதுகாப்புக் காரணி - சமவுயர உழவு, படிக்கட்டு நிலம் போன்றவற்றால் ஏற்படும் குறைவு.

எடுத்துக்காட்டாக, இக்காரணிகளின் மதிப்புகள் முறையே 5000, 0.03, 4, 0.2, 0.5 எனக் கொண்டால், ஆண்டு இழப்பு எக்டேருக்கு 60 தொன் ஆகும். ஓர் எக்டேரில் 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள மண்ணின் எடை ஏறத்தாழ 13 தொன் என்பதால், இது ஆண்டுக்கு 4 மில்லிமீட்டருக்கும் கூடுதலான மேல்மண்ணாகும். அதே நிலத்தில் மூடுபயிர் வளர்த்துப் பயிர் மூட்டக் காரணியை 0.05 ஆகக் குறைத்தால் இழப்பு 15 தொன்னாகக் குறையும். மழையையும் மண்ணின் இயல்பையும் மாற்றுவது அரிது. கடைசி இரு காரணிகளே பெரிதும் உழவரின் கையில் உள்ளன.

வரைபடமாக்கல்

புவியியல் தகவல் முறைமையில் நீரேந்து பகுதி சிறு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் இழப்பு தனித்தனியே கணிக்கப்படுகிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் திரட்டிய உயரத் தரவுகள் சரிவைக் கணிக்கப் பரவலாகப் பயன்படுகின்றன. பயிர் மூட்டம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து பெறப்படுகிறது.

மேல் மகாவலி நீரேந்து பகுதி

இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி கங்கையின் மேல் நீரேந்து பகுதி இம்மதிப்பீட்டின் தேவைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 19 ஆம் நூற்றாண்டில் இங்கு காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. 1869 இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை பரவியது. நன்கு பராமரிக்கப்படும் தேயிலை, நிலத்தை அடர்த்தியாக மூடி மண்ணைக் காக்கும். இடைவெளி விழுந்த பழைய தேயிலை நிலங்களிலும், செங்குத்துச் சரிவுகளில் புகையிலை, மரக்கறி பயிரிடப்படும் நிலங்களிலும் அரிப்பு மிகுதி. இலங்கையில் மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இல் இயற்றப்பட்டது.

பொல்கொல்லை (1976), விக்டோரியா (1985), கொத்மலை (1985), இரந்தெனிகலை (1986), இரந்தம்பை (1990) ஆகிய அணைகள் இப்பகுதியிலிருந்து நீரைப் பெறுகின்றன. சரிவுகளில் இழக்கப்படும் மண்ணின் ஒரு பகுதி இந்நீர்த்தேக்கங்களில் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. பொல்கொல்லையும், ஊமா ஓயா வந்து சேரும் இரந்தம்பையும் வண்டல் படிவால் பெரிதும் பாதிக்கப்பட்டவை.

வரம்புகள்

இச்சமன்பாடு தகட்டரிப்பையும் சிற்றோடை அரிப்பையும் மட்டுமே கணிக்கிறது. பெரும்பள்ள அரிப்பு, ஆற்றங்கரை அரிப்பு, நிலச்சரிவு ஆகியன இதில் அடங்கா. எனவே மண்ணரிப்பு வரைபடத்தில் குறைந்த இடர் எனக் காட்டப்படும் சரிவு, குடியிருப்புக்குப் பாதுகாப்பானது எனக் கொள்ளலாகாது. மகாவலிப் படுகைக்கு வெளியே, பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தை தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 அன்று ஏற்பட்ட நிலச்சரிவு தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளைப் புதைத்தது. இத்தகைய இடருக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தனி வரைபடங்களைத் தயாரிக்கிறது.

மேலும், அரிக்கப்படும் மண் முழுவதும் ஆற்றை அடைவதில்லை. ஒரு பகுதி அடிவாரங்களிலேயே தங்கிவிடும். ஆகவே, கணித்த மதிப்புகளை ஆற்றில் அளவிடப்படும் வண்டலுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது இன்றியமையாதது.