பேனைக்குள் ஒரு மரம்

தக்காளி சோஸ் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தால் ஒரு துளியும் விழாது. இரண்டு தட்டுத் தட்டினால் பாதிப் போத்தலும் பீங்கானில் கொட்டிவிடும். உங்களில் யாருக்குத்தான் இந்த அனுபவம் இல்லை? அசையாதிருந்தால் தடிப்பு, அசைத்தால் இளக்கம். இதே குணத்தை வெறும் தண்ணீருக்கும் கொடுத்துவிடுகின்றன, மரத்திலிருந்து எடுக்கும் நுண்ணிய நார்கள்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஐ.டி.டி. ரேயோனியர் ஆய்வுகூடத்தில் அல்பின் டர்பக் என்பவரும் சகாக்களும் தண்ணீரில் கரைத்த மரக்கூழை ஓர் இயந்திரத்தினுள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். பாலில் ஆடை பிரியாதிருக்கப் பால் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் இயந்திரம் அது. வெளியே வந்ததோ கூழல்ல, ஜெலி! அதில் நூற்றுக்கு 2 பங்குதான் நார். மீதி 98 பங்கும் தண்ணீர்.

காரணம் இதுதான். செலுலோசு நார் நெடுக்காகக் கிழிந்து, தலைமயிரைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய இழைகளாகிறது. சட்டியில் கிடக்கும் நூடில்ஸ் போல இவை ஒன்றையொன்று பின்னிக்கொண்டு தண்ணீரைச் சிறைப்பிடிக்கின்றன. கலக்கினால் இழைகள் ஓட்டத்தின் திசையில் வரிசையாகத் திரும்பி வழுக்கிச் செல்கின்றன. கையை எடுத்ததும் மறுபடி பின்னல்! (தண்ணீரில் கரைத்த கெட்டியான கோன்ஃபிளவர் மாவைக் குத்திப் பாருங்கள், அது நேர்மாறாக இறுகும்.)

ஆனால் ஒரு தொன் நாரைக் கிழிக்க 25,000 கிலோவாட் மணித்தியாலத்துக்கும் மேல் மின்சாரம் விழுங்கப்பட்டது. யார் வாங்குவார்கள்? கண்டுபிடிப்பு நீண்டகாலம் தூங்கியது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா இசோகாய் குழுவினர் இழைகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் ஏற்படுத்தும் இரசாயன முறையொன்றை 2006இல் வெளியிட்டார்கள். ஒன்றையொன்று தள்ளும் இழைகள் சிறிது கலக்கினாலே பிரிந்துவிடுகின்றன. அகலம் 3, 4 நனோமீற்றர்தான். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர்.

2015இல் யப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் இத்தகைய இழைகளைப் பேனை மையில் சேர்த்தது. (கார் செய்யும் மிட்சுபிஷிக்கும் இதற்கும் உறவில்லை.) முனையிலுள்ள குண்டு உருளும்போது மை இளகி ஓடுகிறது, எழுதுவதை நிறுத்தினால் தடித்து நின்றுவிடுகிறது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைப் பையில் நீலக்கறை கழுவிக் களைத்த தாய்மாருக்கு இதன் அருமை தெரியும்!

தண்ணீரை வற்றவைத்துத் தூளாக அனுப்பலாமே என்பீர்கள். அங்குதான் சிக்கல். காயும்போது இழைகள் இறுக ஒட்டிக்கொள்கின்றன. திரும்ப நனைத்தாலும் முன்போலப் பிரிவதில்லை. ஆதலால் ஜெலியாகவே அனுப்பும்போது, 1 கிலோ நாருக்காக 49 கிலோ தண்ணீரையும் லொறியில் ஏற்ற வேண்டியிருக்கிறது.