அப்பா உள்ளங்கால்ல கறுப்புத் திட்டு இருக்கா?

மயிலாடுதுறை பக்கம் வயல்ல இறங்கும்போது யாரும் செருப்பு போடுறதில்லை. உள்ளங்காலில் கறுப்பாகத் திட்டு வந்தாலும், 'கால் ஆணியா இருக்கும்'னு விட்டுடுவாங்க. ஆனால், மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் நம்மைப் போன்ற நிறத்தவருக்குப் பெரும்பாலும் வருவதே உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்ததும் இதுதான். 1981-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

இதற்கு மரபணு சிகிச்சை உண்டா? கட்டிக்குள் ஊசியாகப் போடும், மரபணு மாற்றப்பட்ட வைரஸ் மருந்துக்கு அமெரிக்கா 2015-ல் அனுமதி தந்தது. வைரஸுக்குப் பதிலாக பெப்டைடைப் பயன்படுத்தலாமா என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி. டி.என்.ஏ-வுக்கு மைனஸ் மின்னூட்டம். செல்லின் மேற்பரப்புக்கும் மைனஸ். அதனால் அது தானாக உள்ளே போகாது. ப்ளஸ் மின்னூட்டம் உள்ள பெப்டைட், அதைப் பொட்டலம் கட்டி உள்ளே கொண்டுபோகும். டெல்லி ஐ.ஜி.ஐ.பி ஆய்வகத்தில் முனியா கங்குலி குழுவினர், ஊசியே இல்லாமல் பெப்டைட் மூலம் தோலுக்குள் டி.என்.ஏ-வைச் செலுத்திக் காட்டியிருக்காங்க.

ஆனா, பெப்டைட் முறை இன்னும் ஆராய்ச்சிதான். முகத்துக்குப் போடுற பெப்டைட் சீரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை!

ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சா, அறுவை சிகிச்சையிலேயே குணமாக்க வாய்ப்பு அதிகம். அதனால, அப்பா கால் நீட்டி உட்காரும்போது போன் டார்ச்சைப் போட்டுப் பாருங்க. திட்டு பெருசாகுதா, நிறம் மாறுதா, ஓரம் கோணலா இருக்கா, ரத்தம் கசியுதா? பிளேடு வைக்காதீங்க. தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.