சலரோகமும் இன்சுவையும்

தைப்பொங்கல் தொடங்கித் திருவெம்பாவை ஈறாக எம்மவர் கொண்டாடும் நாள்களுள் இனிப்பின்றிக் கழிவது அரிது. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும், நவராத்திரிக்கு அவலும் கடலையும், கலியாணத்துக்குப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் என ஒவ்வொன்றும் தனக்குரிய சுவையோடு வருகின்றது. இத்தகைய சமுதாயத்தில் ஒருவருக்குச் சலரோகம் உண்டென வைத்தியர் கூறிவிடின், அவர் பந்தியிலிருந்தே விலக்கப்பட்டவர்போல் ஆகிவிடுகின்றார். இவ்விலக்கு இன்றைய மருத்துவ அறிவுக்கு எவ்வளவு தூரம் இயைந்தது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் புதியதன்று. சரகரும் சுசுருதரும் இதனை மதுமேகம் என வழங்கினர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்த்தலை அக்காலத்தவர் கண்டிருந்தனர். 1776 இல் மத்தேயு டொப்சன் என்னும் ஆங்கில வைத்தியர் அந்நீரை வற்றக் காய்ச்சி, எஞ்சிய வெண்பொருள் சீனியின் தன்மையது எனக் காட்டினார். நீரிலே சீனி காணப்படுவதால், சீனியை உண்டமையே நோய்க்குக் காரணம், அதனை அறவே விடுதலே மருந்து என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் எளிதில் வேரூன்றிற்று. தமிழகத்தார் இதனைச் சர்க்கரை நோய் என்றே அழைக்கின்றனர். (நமக்கோ சர்க்கரை என்பது வேறு பொருள், தமிழகத்தாரோடு உரையாடுகையில் இச்சொல்லால் விளையும் மயக்கம் சிறிதன்று.)

உண்மையில், சோறு, பிட்டு, இடியப்பம், பாண், கிழங்கு யாவும் மாப்பொருள் நிறைந்தவை. இவை குடலிலே குளுக்கோசாக உடைந்து இரத்தத்திற் சேர்கின்றன. கணையத்திற் சுரக்கும் இன்சுலின் அக்குளுக்கோசைக் கலங்களுட் புகச் செய்கின்றது. இன்சுலின் சுரவாதொழியினும், சுரந்ததற்குத் தசையும் ஈரலும் இசையாதொழியினும், குளுக்கோசு இரத்தத்திலே தேங்குகின்றது. அது தேநீரிலிட்ட சீனியிலிருந்து வந்ததா, இரண்டாம் முறை வாங்கிய சோற்றிலிருந்து வந்ததா என்று உடல் வினவுவதில்லை. சீனியை வெறுத்தொதுக்கிவிட்டு மூன்று நீத்துப் பிட்டு உண்பவரை நாம் எத்தனை வீடுகளிற் காண்கின்றோம்!

எம் பழைய மாணவர் பலர் குடியேறி வாழும் றொறன்ரோ நகருக்கு இந்நோயின் வரலாற்றிலே தனியிடம் உண்டு. அங்கேதான் 1921 இல் பாண்டிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் அமெரிக்க வைத்தியர் அலன் முதலியோர் நோயாளரைப் பட்டினி கிடத்தியே அவர்தம் வாழ்நாளைச் சிறிது நீட்டினர். பட்டினி வைத்தியம் மறைந்தும், அதன் நிழலாகிய இனிப்பு விலக்கு நெடுங்காலம் நிலைத்தது. 1981 இல் அதே நகரப் பல்கலைக்கழகத்து டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர், உணவுகள் இரத்தக் குளுக்கோசை உயர்த்தும் திறத்தை அளந்து, தூய குளுக்கோசுக்கு 100 என வைத்துச் சுட்டெண் வகுத்தனர். அவ்வரிசையிற் சீனி வெண்பாணிலும் தாழ்ந்து நின்றமை பலரை வியப்பில் ஆழ்த்திற்று. சீனியிற் பாதி பிரக்ரோசு ஆதலின் அது குளுக்கோசைப் போல் உடனே இரத்தத்தில் ஏறுவதில்லை. 1994 இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், சீனியை முற்றாக விலக்க வேண்டியதில்லை. உண்ணும் மாப்பொருளின் மொத்த அளவே முதன்மையானது என அறிவித்தது.

இதனை அனுமதிப் பத்திரமாகக் கொள்ளலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல், சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அமைதல் எல்லார்க்கும் நன்று என்றது. மட்டமாக எடுத்த தேக்கரண்டிச் சீனி 4 கிராம். கல்லூரி இடைவேளையிலும் வீட்டிலுமாக நாம் மூன்று தேநீர் அருந்தி ஒவ்வொன்றிலும் இரு கரண்டி இடின், 24 கிராம் அங்கேயே முடிந்துவிடுகின்றது. இனிப்பென்று உணரப்படாமலே தேநீரிற் கரையும் இச்சீனியை விட்டவருக்கே திருநாளில் ஒரு மோதகம் உண்ண இடம் பிறக்கின்றது. கணக்கு இதுவே: வெந்த சோறு ஒரு கோப்பையில் ஏறத்தாழ 45 கிராம் மாப்பொருள் உண்டு. 15 கிராம் மாப்பொருளுள்ள இனிப்பை உண்ண விரும்புபவர் அவ்வேளைச் சோற்றில் மூன்றிலொரு கோப்பையைக் குறைத்தல் வேண்டும். கூட்டுதல் அன்று, மாற்றுதல்.

பனங்கட்டி பற்றி ஒரு சொல். சீனிதான் ஆகாது, பனங்கட்டி நல்லது எனக் குட்டான் குட்டானாக வாங்கி வைப்போர் எம்மிடைப் பலர். பனங்கட்டியின் பெரும்பகுதியும் சீனியின் அதே சுக்குரோசு ஆகும். உப்புச் சத்துகள் சில உடனிருப்பினும் குளுக்கோசைப் பொறுத்தமட்டில் வேறுபாடு சொற்பமே. பனம்பழக் களியின் கைப்புப் பொருளாகிய பிளபெலிபெரின் குடலிற் குளுக்கோசு உறிஞ்சப்படுதலைக் குறைப்பதாக எம் நாட்டு ஆய்வாளர் எலிகளிற் கண்டனர். அதனைக் காட்டிப் பனங்கட்டிக்கு நற்சான்று வழங்குதல் தருக்கப் பிழை. பழத்தின் குணத்தைக் கருப்பநீருக்கு ஏற்றுதல் எவ்வாறு பொருந்தும்?

விலக்கு முற்றாகிவிடின் நேரும் இடரை என் தாய்மாமன் வீட்டிற் கண்டேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நோய் கண்டபின் பிள்ளைகள் அன்பினால் வீட்டிலிருந்த சீனிப் பேணியையே அகற்றிவிட்டனர். கந்தசஷ்டி விரதத்தில் ஒருநாள், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குளிசையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு அவர் உண்ணாதிருந்தார். பிற்பகலில் வியர்த்து நடுங்கி, மகளை அடையாளம் அறியாது பேசலானார். அயல்வீட்டுத் தாதி ஓடிவந்து, சீனி எங்கே என்று கேட்டபோது வீட்டார், "அவருக்குச் சீனி ஆகாதே" என்று தயங்கி நின்றனர். தாதி தம் வீட்டுச் சீனியைக் கரைத்துப் பருக்கியபின்னரே அவர் தெளிந்தார். இரத்தக் குளுக்கோசு ஒரு தெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமிலும் தாழின், விழுங்கும் நினைவுடையவருக்கு 15 கிராம் குளுக்கோசு அல்லது நான்கு தேக்கரண்டிச் சீனி கொடுத்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் சோதித்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. வைத்தியசாலைக்கே கொண்டேகுதல் வேண்டும். விரதம் காப்போர் மருந்தின் அளவு பற்றி வைத்தியரை முன்னரே கலந்துகொள்வதும் இன்றியமையாதது.

இனி, எவற்றை உண்ணலாம்? அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் உள்ளிட்ட மோதகம், சவ்வரிசிப் பாயாசத்தினும் ஏற்புடையது. பயற்றிலே புரதமும் நாருமுள. அவை செரிமானத்தை மெதுவாக்குகின்றன. சவ்வரிசியோ வெறும் மா. அரியதரத்தில் எண்ணெயும் சேர்வதால் அது உடற்பருமனைக் கூட்டும். மாம்பழத்தைச் சாறாக்காது இரு துண்டுகளாகக் கடித்துண்ணல் நன்று. எந்த இனிப்பையும் வெறுவயிற்றில் தனியே உண்பதினும், மரக்கறியும் பருப்பும் உண்டபின் பந்தியின் இறுதியிற் கொள்வதால் குளுக்கோசின் ஏற்றம் தணிகின்றது. செயற்கை இனிப்பூட்டிகள் குளுக்கோசை ஏற்றாவிடினும், நாவை மிகையினிப்புக்கே பழக்குகின்றன என்பது என் கருத்து. 2023 இல் உலக சுகாதார நிறுவனம் உடல் எடை குறைப்புக்கு அவற்றை நாடவேண்டாமெனக் கூறிய பரிந்துரை, ஏற்கெனவே சலரோகம் உடையோரை உள்ளடக்கியதன்று என்பதையும் குறித்தல் நேர்மையாகும்.

உண்டபின் நடத்தல் எளிய மருந்து. இயங்கும் தசை இன்சுலினின் துணையின்றியும் குளுக்கோசை ஈர்த்துக்கொள்ளும். நாற்காலியிலிருந்து கொப்பி திருத்தும் எம்போன்றோர்க்கு இது பெரிதும் வேண்டப்படுவது.

சென்ற தைப்பொங்கலன்று மாமனுக்கு இலை போடப்பட்டது. காலை உணவாகச் சிறு கிண்ணமளவு பொங்கலும் அவித்த பயறும் உண்டு, கோயிலுக்கு நடந்தே போய் மீண்டார். இரண்டு மணிநேரத்தின் பின் விரலிற் குத்திப் பார்த்ததில் 168 எனக் காட்டிற்று. அவ்வெண்ணைத் திகதியோடு அப்பியாசக் கொப்பியிலே எழுதி, கிண்ணத்தின் அளவையும் அருகிற் குறித்துவைத்தார். சீனிப் பேணி இப்பொழுது குசினித் தட்டில், எல்லார் கைக்கும் எட்டுமிடத்தில் இருக்கின்றது.