தோலுக்குள் மூன்று புரிக் கயிறு!
சென்னையில் அவிழ்ந்த புதிர்

உரித்த தோலை உப்புப் போடாமல் வைத்தால் என்ன ஆகும்? ஓரிரு நாளில் நாற்றம் எடுக்கும், அழுகிவிடும். ஆனால் அதே தோல் ஆம்பூரிலோ, வாணியம்பாடியிலோ, ராணிப்பேட்டையிலோ ஒரு தோல் ஷாப்புக்குள் போய் வந்தால், செருப்பாகவும் பூட்ஸாகவும் வருஷக் கணக்கில் உழைக்கிறது.

இது என்ன மாயம்? மாயம் ஒன்றும் இல்லை. ரகசியம் தோலுக்குள்ளேயே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கயிறு

தோலில் உள்ள முக்கியமான பொருளுக்குக் கொலாஜன் என்று பெயர். இது ஒரு வகைப் புரதம். ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் கூழ்போல் உறைகிறது அல்லவா? கொலாஜன் வெந்து ஜெலட்டினாக மாறுவதால்தான் அப்படி உறைகிறது. தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரமும் இப்படி உண்டாவதுதான்.

கொலாஜன் எப்படிப்பட்டது? பூமாலை முறுக்கும் நாரைப் போல, மூன்று நீண்ட இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு அது. ஒவ்வொரு இழையிலும் சுமார் ஆயிரம் மணிகள் கோத்திருக்கின்றன. அந்த மணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர்.

ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பங்கு போடுங்கள். அதில் ஒன்றரைப் பங்குதான் இந்தக் கயிற்றின் கனம்! இத்தகைய கயிறுகள் கோடி கோடியாகச் சேர்ந்து நாராகி, நார்கள் பின்னித் தோல் ஆகின்றன.

கண்டுபிடித்தவர் யார்?

இந்த முப்புரி அமைப்பைக் கண்டவர் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான்!

அந்த ஆண்டில் சென்னைக்கு வந்த விஞ்ஞானி பெர்னால், "கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை" என்ற செய்தியைச் சொன்னார். ராமச்சந்திரன் அதையே பிடித்துக் கொண்டார். பக்கத்திலேயே, அடையாற்றில், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது பெரிய வசதியாயிற்று. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த சுத்தமான கொலாஜன் கிடைத்தது. அதன் வழியே எக்ஸ்-கதிர்களைச் செலுத்திப் படம் எடுத்தார். விழுந்த புள்ளிகளைக் கொண்டு கணக்குப் போட்டார்.

ஒரு துப்பு கையில் இருந்தது. கொலாஜனில் மூன்றில் ஒரு மணி கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான். மூன்று இழைகள் நெருக்கி முறுக்கினால் நடுவில் இடம் ஏது? சிறிய மணி மட்டுமே அங்கே அடங்கும். ஆகவே ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின்!

1954-ல் ராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழை அமைப்பை 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டனர். மறு வருஷமே, மூன்றும் சேர்ந்து முறுக்கிக் கொள்ளும் என்று திருத்தி எழுதினர்.

எதிர்ப்பும் பதிலும்

கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் கிரிக்கும் ரிச்சும் குறுக்கிட்டனர். "இந்த அமைப்பில் அணுக்கள் மிக நெருங்கி விடுகின்றனவே!" என்பது அவர்கள் ஆட்சேபம். முப்புரி சரி, நுணுக்கத்தில்தான் தகராறு.

ராமச்சந்திரன் சோர்ந்து விடவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று ஆராயத் தொடங்கினார். அதன் பலனாக 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ஒரு வரைபடம் வெளியிட்டார். எந்தப் புரதத்தின் அமைப்பையும் சோதிக்க உலக விஞ்ஞானிகள் இன்றும் எடுப்பது அந்த "ராமச்சந்திரன் வரைபடம்"தான்.

பதனிடுதல் என்றால் என்ன?

சுண்ணாம்பில் ஊற வைத்து ரோமத்தை நீக்கிய தோலில், அக்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டார்கள். அவற்றின் துவர்ப்புச் சத்து கயிறுகளுக்கு நடுவே புகுந்து கட்டிப் போட்டது. இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு அந்த வேலையைச் செய்கிறது. அது ஓர் இழைக்கும் மறு இழைக்கும் பாலம் போடுகிறது. கிருமிகளால் கயிற்றை எளிதில் அரிக்க முடிவதில்லை. பச்சைத் தோல் அறுபது டிகிரி சூட்டைத் தாண்டினால் சுருங்கும். நன்றாகக் குரோமியம் ஏறிய தோலோ கொதிக்கும் நீரிலும் சுருங்காது.

கொலாஜனை மெல்லிய தாள் போலவும் ஆக்கலாம். தீப்புண்ணின் மேல் போர்த்தினால் அது காயத்தை மூடிக் காக்கும். பிறகு மெல்லக் கரைந்துவிடும். இத்தகைய தாள்களை அடையாறு நிலையமும் உருவாக்கியிருக்கிறது.

பாலாறு கேட்கும் கேள்வி

ஆனால் தொட்டியில் போட்ட குரோமியம் முழுவதும் தோலில் ஏறுவதில்லை. பழைய முறையில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிவு நீரில் போய்விடும். உப்பும் கழிவும் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தன. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம், "கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும்" என்று தீர்ப்பளித்தது. சுத்திகரிப்பு இல்லாமல் தொழில் நடத்தக் கூடாது என்றும் சொன்னது.

தோல் தொழிலை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. ஆற்று நீரை நம்பியும் குடும்பங்கள் வாழ்கின்றன. இரண்டும் பிழைக்க வேண்டுமானால், குரோமியம் வெளியே போகாமல் கயிற்றிலேயே தங்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் ஊற்றாமலே குரோமியம் ஏற்றும் முறையை அடையாறு நிலையம் கண்டிருக்கிறது. அது எல்லாத் தோல் ஷாப்புகளிலும் நடைமுறைக்கு வந்தால், பாலாற்றின் பாரம் குறையும்.