டெல்லி குளிருக்கு ஊட்டி ஸ்வெட்டர் போதுமா? டிசம்பர், ஜனவரியில் கிளம்புவோர் பெட்டியில் என்ன வைக்க வேண்டும்?

அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை, குடியரசு தின அணிவகுப்பு என்று தமிழ்நாட்டில் இருந்து டெல்லிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் அதிகமாகும் நேரம் இது. டிக்கெட் எடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "அங்க குளிர் எப்படி இருக்கும்?" அடுத்த வரி, "ஊட்டிக்கு வாங்கின ஸ்வெட்டர் இருக்கே, அது போதாதா?"

போதாது. நம்மில் பெரும்பாலோர் ஊட்டிக்குப் போவது ஏப்ரல், மே மாதங்களில். அந்த ஊட்டி வேறு, ஜனவரி டெல்லி வேறு.

ஜனவரியில் டெல்லியின் சராசரி குறைந்தபட்ச வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சென்னையில் அதே மாதம் சுமார் 21 டிகிரி. குளிர் அலை வீசினால் டெல்லியில் 4 டிகிரிக்கும் கீழே இறங்கும். 2021 ஜனவரி 1 அன்று சஃப்தர்ஜங் வானிலை மையத்தில் பதிவானது 1.1 டிகிரி.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வெயில் வந்தால் மதியம் 20 டிகிரி, இந்தியா கேட் புல்வெளியில் உட்கார்ந்து கடலை கொறிக்கலாம். அடர் மூடுபனி சூரியனை மறைத்துவிட்டால் மதியம்கூட 14 டிகிரியைத் தாண்டாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில்தான் குளிர் எலும்பில் இறங்கும். இன்னொரு விஷயம், அங்குள்ள பெரும்பாலான வீடுகளும் சாதாரண விடுதிகளும் கோடை வெயிலை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. வெளிநாடுகளைப் போலக் கட்டடம் முழுக்கச் சூடேற்றும் வசதி கிடையாது. அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாலும் குளிரும். படுக்கும்போதும் ஸ்வெட்டரும் சாக்ஸும் வேண்டும்.

ஒரு தடிமனான ஜாக்கெட்டா, மூன்று மெல்லிய அடுக்குகளா?

அடுக்குகள்தான். உடலின் சூட்டைக் காப்பது துணிகளுக்கு இடையே சிக்கும் காற்று. உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத ஜாக்கெட். கூட்டமான மெட்ரோ ரயிலில் வியர்க்கும், மதிய வெயிலில் புழுங்கும். அப்போது ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். ஒரே கனமான கோட்டு போட்டவர்களுக்கு ஒன்று வேகணும், இல்லை நடுங்கணும்.

தெர்மல் தளர்வாக இருந்தால் பயனில்லை, உடம்பைப் பிடித்தபடி இருக்க வேண்டும். உள்ளே வழக்கமான காட்டன் பனியனைப் போட்டு அதன்மேல் தெர்மல் போடுவது பலர் செய்யும் தவறு. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம் உடல் சூட்டை இழுத்துவிடும். ஆளுக்கு மூன்று செட் தெர்மல் நல்லது. மூடுபனி நாளில் துவைத்துப் போட்டால் மறுநாள் காய்ந்திருக்கும் என்று நம்ப முடியாது.

சேலை கட்டும் அம்மாக்கள் மாற வேண்டியதில்லை. உள்பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், முழுக்கை தெர்மலுக்கு மேல் ரவிக்கை, அதன்மேல் ஸ்வெட்டர், தோளில் கம்பளி சால்வை. ஆனால் செருப்பு மட்டும் வேண்டாம். சாக்ஸ், ஷூ அவசியம். கால் குளிர்ந்தால் மேலே எத்தனை போட்டாலும் நடுக்கம் நிற்காது. காதை மூடும் குல்லாவும் கையுறையும் கைப்பையிலேயே இருக்கட்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் புது டெல்லியில் இறங்குவது மூன்றாம் நாள் காலையில், குளிர் உச்சத்தில் இருக்கும் நேரத்தில். பனியில் ரயில் பல மணி நேரம் தாமதமாவதும் சகஜம். ஜாக்கெட்டைச் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியின் அடியில் திணித்துவிட்டுப் பிளாட்பாரத்தில் தேடக் கூடாது.

விமானத்தில் போவோர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே ஏறினால் லக்கேஜ் எடை மிச்சம். பாதுகாப்புச் சோதனையில் அதைக் கழற்றி ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

துணியைத் தவிர?

வாஸ்லின், மாய்ஸ்சரைசர் கட்டாயம். இரண்டே நாளில் உதடு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலை நம்பிப் போகாதீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், குறுகிய வாய் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு வராது. அகன்ற வாய் டப்பாவில் எடுத்துப் போகலாம். கூடவே ஒரு ஃப்ளாஸ்க். குளிரில் தாகம் தெரியாது, அதனால் தண்ணீர் குடிப்பதே குறைந்துவிடும்.

பலர் மறப்பது முகக்கவசம். டெல்லிக் குளிர்காலம் என்றால் காற்று மாசும் சேர்த்துதான். காற்றின் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் மிக மோசம், 400-ஐத் தாண்டினால் கடுமை. மஃப்ளரை மூக்கைச் சுற்றிக் கட்டினால் குளிர் தடுக்கும், பிஎம் 2.5 நுண்துகளைத் தடுக்காது. அதற்கு என்95 வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருக்கட்டும். குளிரில் ரத்த நாளங்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும் என்பதால், பிபி, இதய நோய் உள்ள பெரியவர்கள் மாத்திரையைத் தவறவிடக் கூடாது. ஊரில் போகும் அதிகாலை வாக்கிங்கை அங்கே வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உயிர் போகும் தவறு எது?

அறைக்குள் கரி அடுப்பு. வடக்கே 'அங்கீட்டி' என்பார்கள். மூடிய அறையில் இதை எரியவிட்டுத் தூங்கியவர்கள் இறந்ததாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தி வருகிறது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவருக்கு விழிப்பே வராது. தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். சிறிய விடுதியோ உறவினர் வீடோ, யார் அன்போடு கொண்டுவந்து வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கெய்சர் இருந்தாலும் இதே ஆபத்துதான். மின்சார ஹீட்டர் கேட்டு வாங்குங்கள், தூங்கும் முன் அணைத்துவிடுங்கள், ஈரத்துணியை அதன்மேல் காயப்போடாதீர்கள். கூடுதல் ரஜாய் கேட்டாலே பெரும்பாலும் போதும்.

எல்லாவற்றையும் இங்கேயே வாங்க வேண்டுமா?

தெர்மலும் சாக்ஸும் இங்கேயே வாங்கிவிடுங்கள், முதல் நாள் காலையிலேயே தேவைப்படும். ஜாக்கெட், சால்வையை அங்கே வாங்கலாம். சரோஜினி நகர், ஜன்பத், காஷ்மீரி கேட் அருகே உள்ள திபெத்தியர் மார்க்கெட் எல்லாம் நம் ஊர்க் கடைகளைவிட மலிவு. பேரம் பேசியே ஆக வேண்டும். சரோஜினி நகருக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

திரும்பும்போது பெட்டியின் மேலாக ஒரு காட்டன் சட்டை இருக்கட்டும். ரயில் நாக்பூரைத் தாண்டும்போதே ஸ்வெட்டர் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும், விஜயவாடா வந்தால் ஃபேன் போடச் சொல்வீர்கள்.