கப்பலில் நூறு நாள்: உடம்பு பழக வேண்டாமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி வாக்கில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், அமெரிக்காவின் மயாமி போன்ற துறைமுகங்களிலிருந்து பெரிய பயணிகள் கப்பல்கள் சில உலகைச் சுற்றக் கிளம்புகின்றன. 100 நாளுக்கு மேல், சில சமயம் நான்கு மாதம் வரை நீளும் பயணம் அது. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று ஏதாவது ஒன்றையும் கூடவே கொண்டுபோகிறவர்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்ப் பெற்றோரும் இப்போது ஒரு வாரம், பத்து நாள் என்று கப்பலேறிப் பார்க்கிறார்கள்.

ஒரு வாரத்தைக் கல்யாண வீட்டில் இருப்பதுபோல் கழித்துவிடலாம். 100 நாளை அப்படிக் கழித்தால் உடம்பு தாங்காது. நீண்ட பயணம் போகிறவர் கப்பலில் குடித்தனம் நடத்தப் பழக வேண்டும். கடலைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் கப்பல் மருத்துவரிடம் போய் நிற்க வைப்பவை பெரும்பாலும் கழுவாத கை, மறந்துபோன மாத்திரை, வழுக்கிய குளியலறை ஆகியவைதான்.

முதல் மூன்று நாள்

நம் உட்காதில் உடம்பின் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும்போது சுவரும் மேசையும் நம்மோடு சேர்ந்தே ஆடுவதால், எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. ஆடுகிறோம் என்று காது சொல்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை குழம்பும்போது கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுதல், குளிர்ந்த வியர்வை என்று ஆரம்பித்து வாந்தியில் போய் முடிகிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் மூளை பழகிவிடும். கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஜன்னலைத் தேடுகிறவர்களும், ஒற்றைத் தலைவலிக்காரர்களும், கர்ப்பிணிகளும் கொஞ்சம் கூடுதலாக அவதிப்படுவார்கள்.

பெரிய கப்பல்களின் இரு பக்கமும் நீருக்கடியில் துடுப்பு போன்ற தகடுகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகக் குறைக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடும் ஆட்டத்தை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. ஆகவே அறை பதிவு செய்யும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளத்து பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்து, அங்கே படுத்த படுக்கையாகக் கிடப்பதில் என்ன லாபம்?

வானிலை மோசமாகப் போகிறது என்பது அறிவிப்பு வரும் முன்பே தெரிந்துவிடும். லிஃப்ட் அருகிலும் படிக்கட்டுக் கைப்பிடிகளிலும் ஊழியர்கள் காகிதப் பைகளைச் செருகி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் கேபினுக்குள் போய் போனை நோண்டாமல், திறந்த தளத்துக்குப் போக அனுமதி இருந்தால் அங்கே நின்று அடிவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பதார்த்தமும் ஆகாது. உணவுக்கூடத்தில் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கேட்டால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, எல்லோருக்கும் இல்லை.

சின்னாரிசின், மெக்லிசின், ப்ரோமெதசின் போன்ற மாத்திரைகளைக் குமட்டல் வரும் முன்பே போட வேண்டும். வாந்தி எடுக்கத் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. இவை தூக்கத்தைத் தரும். மதுவோடு சேரவே கூடாது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் சின்னாரிசினைத் தவிர்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை மூன்று நாள் வேலை செய்யும் என்பதால் பயணிகளிடம் பிரபலம். ஆனால் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும், ப்ராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் ஆண்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

கடிகாரம் மாறும், மாத்திரை?

சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகும் ஏழு இரவுப் பயணத்தில், ஐந்து இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். விமானத்தில் ஒரே நாளில் வரும் மாற்றம் இங்கே சொட்டுச் சொட்டாக வருவதால் உடம்புக்கு எளிது. கிழக்கே போகும்போது கதை வேறு. நாளுக்கு ஒரு மணி நேரம் காணாமல் போகும், தூக்கம் குறையும்.

தினமும் ஒரு வேளை போடும் ரத்த அழுத்த மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பின் ஆவது பெரிய விஷயமில்லை. இன்சுலின், வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து ஆகியவற்றுக்கு மட்டும் நேர அட்டவணையை ஊரிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

பசிபிக் கடலில் மேற்கு நோக்கிப் போகையில் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்தால் ஒரு நாள் முழுதாக மறைந்துவிடும். செவ்வாய் இரவு படுத்தவர் வியாழனன்று எழுந்திருப்பார். கிழமை எழுதிய மாத்திரை டப்பாவில் புதன்கிழமைக் குழி நிரம்பியபடியே இருக்கும். நேற்று மறந்துவிட்டோமே என்று இரண்டையும் சேர்த்து விழுங்கினால் வம்பு. எதிர்த்திசையில் போனால் ஒரே கிழமை இரண்டு முறை வரும், டப்பாவில் ஒரு நாள் மருந்து குறையும்.

மருந்தைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேர இரவாகிவிடலாம். கேபின் குளிர்பெட்டி சில கப்பல்களில் பானங்களை லேசாகக் குளிர்விக்கும் அளவுக்குத்தான் இருக்கும். இன்சுலினை வைப்பது பற்றிக் கப்பல் மருத்துவமனையில் கேளுங்கள். தூக்க விஷயத்துக்கு வந்தால், ஜன்னல் இல்லாத உள்கேபின்காரர்களுக்குப் பகலும் இரவும் ஒன்று. பல கப்பல்களில் முன்பகுதிக் கேமராவின் காட்சி டிவியில் ஓடும். சத்தத்தை அணைத்து அதை ஓடவிட்டால் விடியும்போது அறையும் விடியும்.

சோப்பும் தண்ணீரும்தான்

கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணம் நோரோ வைரஸ். ஒருவரைப் படுக்க வைக்க மிகச் சில வைரஸ் துகள்களே போதும். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாள் படுத்தும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970களிலிருந்தே கப்பல் சுகாதாரத்துக்கென்று தனித் திட்டம் நடத்துகிறது.

உணவுக்கூட வாசலில் ஊழியர் சிரித்த முகத்தோடு கையில் சானிடைசர் பீய்ச்சுவார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். ஆல்கஹால் கலந்த சானிடைசர் இந்த வைரஸிடம் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி. பஃபேயில் நூறு பேர் பிடித்த கரண்டியைப் பிடித்துவிட்டு அதே கையால் ரொட்டியைப் பிய்க்கிறோம். கையால் சாப்பிடும் நாம் சாதம் எடுத்து வந்து தட்டை வைத்துவிட்டு, ஒரு முறை போய்க் கழுவி வருவதே நல்லது.

உடம்பு சரியில்லை என்றால் மறைக்காதீர்கள். அறையில் அடைத்துவிடுவார்கள் என்று பயந்து மறைப்பவரால்தான் கப்பல் முழுதும் பரவுகிறது. பெட்டியில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் குறைந்தது பத்து இருக்கட்டும். இருமல், காய்ச்சலுக்கும் இதே பேச்சுதான். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். 700-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்றியது. அந்தக் கப்பல் ஊழியர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள்.

சாப்பாடும் நடையும்

நாளெல்லாம் திறந்திருக்கும் உணவுக்கூடம் முதல் வாரம் அதிசயம், மூன்றாவது வாரம் எதிரி. உட்கார்ந்து பரிமாறும் உணவுக்கூடத்தில் சாப்பிடுவதே மேல். தட்டின் அளவு அங்கே உங்கள் கையில் இல்லை. சைவம் வேண்டுமென்றால் தலைமைப் பரிமாறுநரிடம் முந்தின நாளே சொல்லுங்கள். பல கப்பல்களில் சமையற்கட்டில் இந்தியர்கள் இருப்பார்கள். தயிர்ச்சாதமும் ரசமும்கூடக் கிடைத்துவிடும்.

குயீன் மேரி 2 போன்ற கப்பலில் நடைத்தளத்தை மூன்று முறை சுற்றினால் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் கிலோமீட்டர். காலையில் ஆறு சுற்று, இரண்டு மாடிக்கு லிஃப்ட் வேண்டாம் என்ற வைராக்கியம், இவை போதும்.

கால் இடறும் இடங்கள்

குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்கச் சற்று உயர்ந்த விளிம்பு இருக்கும். நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் எழுந்து போகிற பெரியவர்கள் இடறி விழுவது அதில்தான். ஒரு சிறு இரவு விளக்கு கொண்டுபோங்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். தளத்துக்குப் போகும் கனமான கதவுகளைக் காற்று அறையும். நிலையில் விரல் வைக்காதீர்கள்.

கப்பல் மருத்துவமனையில் டாக்டரும் நர்சும் உண்டு. ஈசிஜி எடுக்கலாம், எக்ஸ்ரே எடுக்கலாம், மூச்சு திணறினால் தாக்குப்பிடிக்க வைக்கலாம். பெரிய அறுவை சிகிச்சையும் இதய அடைப்பை நீக்கும் வசதியும் இராது. கரைக்கு ஹெலிகாப்டரில் தூக்கிப் போகும் செலவு சொத்தைக் கரைக்கும். அவசர மருத்துவ இடமாற்றத்தையும் சேர்த்த பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களை அதில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஏறும் முன்பும் இறங்கிய பின்பும்

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கத் துறைமுகங்கள் பாதையில் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் செல்லுபடியாக 10 நாள் ஆகும். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் டாக்டரிடம் பேசிவிட்டே போட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

கரை இறங்கியதும் தரை ஆடுவதுபோல் இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். ஒரு மாதம் கடந்தும் ஆட்டம் நிற்காவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், வெறும் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாமல், எந்தெந்தத் துறைமுகங்களில் இறங்கினீர்கள் என்ற பட்டியலோடு டாக்டரிடம் போங்கள். மலேரியா இருக்குமோ என்று அவர் சந்தேகப்பட அந்தப் பட்டியல் வேண்டும்.