ரப்பர் பாலிலிருந்து ஒரு பேட்டரி!

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த விளக்குக்குப் பேட்டரி வேண்டும். வெட்டிய ரப்பர் பாலே ஒரு நாள் பேட்டரிக்குள் போகலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் நாடித்துடிப்பை எண்ணும் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். வார் வளைகிறது, உள்ளேயிருக்கும் பேட்டரி வளைவதில்லை. லித்தியம் பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் திரவம் இருக்கிறது. வளைந்து கிழிந்தால் ஆபத்து. உடம்பில் அணியும் பொருளுக்கு அது ஆகுமா?

திரவத்துக்குப் பதிலாக வளையும் படலம் வைத்தால் என்ன? இங்கேதான் ரப்பர் வருகிறது. சாதாரண ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இரசாயன முறையில் ஆக்சிஜனைச் சேர்த்தால், லித்தியம் உப்பு அதில் கரையும். லித்தியம் அயனி என்னும் மின்னேற்றத் துகள்கள், நிரையில் மரம் விட்டு மரம் போகும் பால்வெட்டுக்காரரைப் போல, ஆக்சிஜன் விட்டு ஆக்சிஜன் தாவும். சிலாங்கூர், பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ரப்பர்ப் படலங்களைச் சோதித்திருக்கிறார்கள்.

சரி, மின்சாரம் எங்கிருந்து வரும்? நம் நடையிலிருந்தே! தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டை இழுப்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறோம் அல்லவா? இரண்டு வேறு பொருள்கள் உரசும்போது தோன்றும் அந்த மின்னேற்றத்தைக் கொண்டே, 2012-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சோங் லின் வாங் குழுவினர் வளையும் மின்னாக்கி ஒன்றைச் செய்தார்கள். கிடைப்பது சொற்பம்தான். அதனால்தான் சேமிப்பு முக்கியம். சொட்டுச் சொட்டாக வடியும் பாலை மங்கு சேர்த்து வைக்கிறதே, அந்த வேலையைத்தான் பேட்டரி செய்ய வேண்டும்.

உடனே கடையில் தேடாதீர்கள்! திரவத்தில் ஓடும் வேகத்தில் அயனிகள் ரப்பர்ப் படலத்தில் ஓடுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆய்வு நடக்கிறது.

பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மவர் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆனால் பாலின் கதை முடியவில்லை. பாட்டி கையால் வெட்டிய பாலைப் பேத்தி ஆய்வுக்கூடத்தில் ஆராயலாம். நான்காம் படிவத்தில் இரசாயனமும் பௌதிகமும் எடுக்க உங்கள் பிள்ளை தயங்கினால், இன்றிரவு சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள்.